மார்ச் 1962, மே 1962: ஓய்வுபெற்ற நர்சுகள் பற்றி ஒரு குறிப்பு

கொரோனா காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் ஒரு வகைக் கட்டுரை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஓய்வுபெற்ற நர்ஸ். வீட்டில் பேரன் பேத்தியோடு இருந்திருக்கலாம். ஆனாலும் வார்டுக்குத் திரும்பினார். அர்ப்பணிப்பு, தாய்மை, வெள்ளுடை தேவதை. கூடவே பிபிஇ கிட் போட்ட ஒரு படம். படிக்க நல்லாத்தான் இருக்கு. என் சண்டை அந்த நர்சுகளோடு இல்லை, "திரும்பினார்" என்கிற அந்த வினைச்சொல்லோடுதான்.

தமிழ்நாட்டில் அரசு செய்தது என்ன? 2020 மார்ச் 31-ஆம் தேதி ஓய்வு பெற இருந்த டாக்டர்கள், நர்சுகள், மருத்துவப் பணியாளர்களுக்கு ஒப்பந்த முறையில் இரண்டு மாதம் பணி நீட்டிப்பு அறிவித்தது. இதற்குப் பெயர் திரும்புதலா? வாசல்வரை வந்தவரை "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்தியது, அவ்வளவுதான்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. மே 7-ஆம் தேதி அரசாணை ஒன்று வந்தது: ஓய்வு வயது 58-லிருந்து 59. மே 31 முதல் ஓய்வு பெற இருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். 2021 பிப்ரவரியில் அதுவே 60 ஆனது. இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. 1962 மார்ச்சில் பிறந்த ஒரு சிஸ்டரும் 1962 மே மாதம் பிறந்த இன்னொரு சிஸ்டரும் ஒரே பேட்ச், ஒரே வார்டு என்று வைத்துக்கொள்வோம். மார்ச்காரர் ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து ஒப்பந்தப் பணியாளர். மே மாதக்காரர் 2022 மே 31 வரை நிரந்தர அரசு ஊழியர். அதே நைட் டூட்டி, அதே வேர்வை. இடையில் இருப்பது இரண்டு மாதப் பிறந்த தேதி வித்தியாசம். யாருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேலண்டரைத்தான் பார்த்தார்கள்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கு. அந்த மே மாதக் கடைசியில், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ஓய்வு பெறும் கட்டத்தைத் தாண்டியும் பணியில் வைக்கப்பட்டிருந்த தலைமை நர்ஸ் ஒருவர் இறந்தார். வயது 58. இறப்புக்குக் காரணம் கோவிட்தானா என்று பெரிய சர்ச்சை நடந்தது. சான்றிதழில் என்ன எழுதுகிறார்கள் என்பது சும்மா மருத்துவ விவரம் இல்லை. மத்திய அரசின் 50 லட்சம் ரூபாய் காப்பீடு ஓய்வுபெற்றுத் திரும்பியவர்களையும் ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்தது, வயது வரம்பும் கிடையாது. அந்தத் திட்டத்தைப் பாராட்டணும். ஆனா கோவிட் மரணம் என்று காட்ட லேப் ரிசல்ட் வேணும். அந்த ஒரு தாள் இல்லையென்றால் குடும்பத்துக்கு எதுவும் இல்லை.

பிரிட்டனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே 2020 மார்ச் 27-ஆம் தேதி நர்சிங் கவுன்சில் ஒரு தற்காலிகப் பதிவேட்டைத் திறந்தது. முதலில் கடைசி மூன்று வருஷத்துக்குள் பதிவேட்டை விட்டுப் போனவர்களுக்கு. வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. வார்டில் நிற்க முடியாதவர்களுக்கு 111 தொலைபேசிச் சேவை மாதிரி வேலைகளும் இருந்தன. அங்கேயும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனா அது அழைப்பு.

சரி, நம்ம பக்கம் அழைத்திருந்தால் யாரை அழைத்திருக்கலாம்? தாம்பரம் சானடோரியத்தையே எடுத்துக்கலாம். இங்கிலாந்தில் திறந்தவெளி முறையில் காசநோய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சௌரிமுத்து 1928-ல் ஆரம்பித்தது, 1937-ல் அரசு கைக்கு வந்தது. 1993 முதல் எச்ஐவி நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் தொடவே பயந்த காலம் அது. காற்றில் பரவும் நோயோடு முப்பது வருஷம் வேலை பார்த்த நர்சுகள் அங்கிருந்து ரிட்டயர் ஆகியிருக்கிறார்கள். ஜன்னலை எப்போ திறக்கணும், இருமுகிறவரை எந்தப் பக்கம் படுக்க வைக்கணும், மாஸ்க்கை எப்படிக் கழற்றணும் என்பது அவர்களுக்குப் பழக்கம். 2020 மார்ச் 28-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவாது என்று ட்விட்டரில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் சானடோரியத்தின் பழைய சிஸ்டர் ஒருவரைக் கூப்பிட்டுப் புது நர்சுகளுக்கு அரை மணி நேரம் பேசச் சொன்னால் எத்தனையோ பிபிஇ கிட்டுக்குச் சமம். இது என் அபிப்பிராயம்தான்.

"ஆள் பற்றாக்குறை, அதனால்தான் வயசானவர்களையும் நிறுத்தினார்கள்" என்று வாதிடலாம். நர்சிங் படித்தவர்களுக்கு இங்கே பஞ்சம் கிடையாது. பஞ்சம் நிரந்தரப் பணியிடத்துக்கு. 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வெளியே. வயசானவரை விடமாட்டோம், இளையவரை வைத்துக்கொள்ளமாட்டோம். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் தேவதைக் கட்டுரை எழுதக் கூடாது.

நிஜமாகவே திரும்பி வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் எந்தக் கட்டுரையும் கண்ணில் படவில்லை. 2021 மே மாதம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்த செய்தி வந்த பிறகு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி என்றாலே ஜனங்களுக்கு நடுக்கம். சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் தெருக்களில் ரிட்டயர்ட் நர்ஸ் வீடு எது என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பி.பி. பார்க்க, ஊசி போட எப்பவும் போகிற வீடுதான். கேட்டுக்கு வெளியே நின்று "சிஸ்டர், மெஷின்ல 91 காட்டுது, என்ன பண்ண?" என்று கேட்டார்கள். அவர்கள் உள்ளே இருந்தபடியே குப்புறப் படுக்கச் சொன்னார்கள். ஆறு நிமிஷம் நடக்க வைத்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். "இனிமே வீட்ல வெச்சுக்காதீங்க, கிளம்புங்க" என்று சிலரை விரட்டினார்கள். சம்பளம் இல்லை, ஆணை இல்லை, காப்பீடும் இல்லை.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். எப்போ ரிட்டயர் ஆனீங்கம்மா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். 2011 என்றார்.