யூசேபியஸின் ‘கான்ஸ்டன்டைனின் வாழ்க்கை’ – ஒரு விமர்சனம்

‘கான்ஸ்டன்டைனின் வாழ்க்கை’, செசரியா நகர ஆயர் யூசேபியஸ் (பொ.யு. சுமார் 260–339) கிரேக்க மொழியில் எழுதிய நூல். நான்கு பகுதிகள் கொண்டது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-ல் இறந்தபின் நூல்வடிவம் பெற்றது. இறுதித் திருத்தத்துக்கு முன்பே ஆசிரியர் மறைந்தார் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. பாதி வரலாறு, பாதி அரசப் புகழுரை என்று இதைச் சொல்லலாம்.

யூசேபியஸை அரசவைத் துதிபாடி என்று ஒதுக்குவது எளிது. 19-ஆம் நூற்றாண்டில் யாக்கோப் புர்க்ஹார்ட் அவரை நேர்மையற்ற வரலாற்றாசிரியர் என்றே சாடினார். ஆனால் யூசேபியஸ் அரசவையில் வளர்ந்தவர் அல்ல. 303-ல் தொடங்கிய பெரும் துன்புறுத்தலைக் கண்ணால் கண்டவர். அவருடைய ஆசிரியரான பாம்பிலஸ் 307-ல் சிறையிடப்பட்டு 310-ல் கொல்லப்பட்டார். அந்தச் சிறைக்காலத்தில்தான் இருவரும் சேர்ந்து ஒரிஜனுக்கு ஆதரவான நூலை எழுதினர். பாலஸ்தீன மறைசாட்சிகளைப் பற்றித் தனி நூலே எழுதியவர் யூசேபியஸ். ரோமானியப் படைவீரனின் வாள் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும்.

இதை மனத்தில் கொண்டு மூன்றாம் பகுதியிலுள்ள விருந்துக் காட்சியைப் படிக்க வேண்டும். 325-ல் நைசியா பொதுச்சங்கத்தை ஒட்டி, பேரரசர் தம் ஆட்சியின் இருபதாம் ஆண்டைக் கொண்டாட ஆயர்களை அழைக்கிறார். உருவிய வாள்களுடன் மெய்க்காவலர்கள் சுற்றி நிற்க, ஆயர்கள் அச்சமின்றி உள்ளே நடந்து செல்கின்றனர். அது கிறிஸ்துவின் அரசைக் காட்டும் சித்திரம்போல் இருந்ததாக யூசேபியஸ் எழுதுகிறார். நூலின் உச்சம் இந்த இடமே. இதில் இருப்பது வெறும் முகத்துதி அன்று. உயிர்தப்பிய ஒருவரின் நிம்மதிப் பெருமூச்சும் உண்டு. வாசகரைச் சங்கடப்படுத்துவதும் அதுதான்.

சிக்கல் அவருடைய அளவுகோலில் இருக்கிறது. கடவுளின் அருள் யார் பக்கம் என்பதைப் போர்வெற்றி காட்டிவிடும் என்று அவர் நம்பினார். அப்படியானால் வென்றவர் மாறும்போதெல்லாம் நூலும் மாறியாக வேண்டும். அவருடைய ‘திருச்சபை வரலாறு’ அப்படித்தான் ஆனது. 313-ல் கான்ஸ்டன்டைனுடன் சேர்ந்து கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்த லிசினியஸ் முதலில் அதில் பக்திமானாக வருகிறார். 324-ல் அவர் தோற்றதும் கொடுங்கோலனாகிறார். பழைய புகழ்ச்சிக்கு அருகில், அப்போது அவருக்கு இன்னும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை என்று ஒரு விளக்கம் ஒட்டப்படுகிறது. தையல் தெரியும் இடம் அது.

லிசினியஸுக்கு எதிரான போரில் கடற்படையை நடத்தியவர் கான்ஸ்டன்டைனின் மகன் கிரிஸ்பஸ். ‘திருச்சபை வரலாறு’ அவரைப் பாராட்டுகிறது. 326-ல் தந்தையின் ஆணையால் அவர் கொல்லப்பட்டார். ‘கான்ஸ்டன்டைனின் வாழ்க்கை’யில் அவர் பெயரே இல்லை. கொலையை நியாயப்படுத்தவும் யூசேபியஸ் முயலவில்லை. அப்படி ஒரு மகன் இருந்ததாகவே தெரியாதபடி எழுதிவிட்டார்.

இதனால் நூல் முழுவதும் புனைவு என்றாகாது. இதில் அவர் தரும் பேரரசரின் கடிதமொன்றின் பகுதி லண்டனில் உள்ள ஒரு பாபிரஸ் ஏட்டில் அடையாளம் காணப்பட்டது. ஆவணங்களை அவர் உண்மையாகவே பிரதி செய்தார் என்பதற்கு அது வலுவான சான்று. விடுபட்டவற்றையே இந்நூலின் வாசகர் கவனமாகத் தேட வேண்டியிருக்கிறது.

முந்தைய கிறிஸ்தவ எழுத்துடன் ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு புரியும். திருவெளிப்பாடு (வெளிப்படுத்தின விசேஷம்) ரோமைப் பாபிலோன் என்ற மறைபெயரால் குறித்து, அதன் வீழ்ச்சியைப் பாடி, இறுதியில் விண்ணிலிருந்து இறங்கும் புதிய எருசலேமைக் காட்டுகிறது. யூசேபியஸ் அந்நூலை ஏற்பதில் தயங்கியவர். அது பலர் ஏற்ற நூல்களிலும் சேரலாம், ஏற்கப்படாதவற்றிலும் சேரலாம் என்று இரு பட்டியலிலும் வைத்தார். ஆனால் கிறிஸ்துவின் கல்லறைமீது கான்ஸ்டன்டைன் எழுப்பிய ஆலயத்தை வருணிக்கும்போது, இறைவாக்குகள் சொன்ன புதிய எருசலேம் இதுவாகவே இருக்கலாம் என்கிறார். அந்த நகரத்தின் செலவு இப்போது அரசுக் கருவூலத்தின் கணக்கில் இருந்தது.