டிஜிட்டல் சிற்ப உருவப்படமும் முகச்சாயலும்

டிஜிட்டல் சிற்ப உருவப்படம் என்பது சிற்ப மென்பொருளைக் கொண்டு கணினியில் ஒரு மனித முகத்தை முப்பரிமாண வடிவில் செதுக்கி, தோல், நிறம், முடி, ஒளி ஆகியவற்றைச் சேர்த்து உண்மை முகம்போல் தோன்றச் செய்யும் கலைமுறையாகும். திரைப்படம், கணினி விளையாட்டு, அருங்காட்சியகம் ஆகிய துறைகளில் இது பயன்படுகிறது. தனிக் கலைஞர்கள் பலர் இதை ஓவியம்போல் ஒரு தனிக்கலையாகவும் பயில்கின்றனர்.

இத்தகைய படைப்பைக் காண்போர் பெரும்பாலும் "புகைப்படம் போலவே இருக்கிறது" என்று பாராட்டுவர். அவர்கள் மனத்தில் கொள்வது தோலின் நுண்துளைகளையும், கன்னத்தின் பூனைமுடியையும், உதட்டின் வெடிப்பையும்தான். படத்தில் இருப்பவர் இன்னார்தான் என்று காட்டுவது எது என்ற கேள்வி அந்தப் பாராட்டில் விடுபட்டுப்போகிறது. தத்ரூபம் வேறு, சாயல் வேறு. முதலாவது கைகூடி இரண்டாவது கைநழுவிய படைப்புகள் இத்துறையில் ஏராளம். இதற்கான காரணம் பணிமுறையிலேயே இருக்கிறது.

கருவிகள்

சிற்ப மென்பொருள்களில் பரவலாக அறியப்பட்டது ஸீபிரஷ். பிக்சோலாஜிக் நிறுவனம் இதை 1999இல் அறிமுகப்படுத்தியது. இதை உருவாக்கிய ஓஃபர் அலோனுக்கு 2014இல் ஆஸ்கர் அகாதெமியின் அறிவியல், தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. தற்போது மேக்சான் நிறுவனம் இதை வெளியிடுகிறது. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் மட்பாக்ஸ், கட்டணமின்றிக் கிடைக்கும் பிளெண்டர் ஆகியவையும் இப்பணிக்கு உதவுகின்றன.

கணினியில் உள்ள முகம் சிறு சிறு பலகோணங்களால் பின்னப்பட்ட ஒரு வலை. மென்பொருளின் தூரிகை அந்த வலையை உயர்த்தும், அமிழ்த்தும், இழுக்கும், வழவழப்பாக்கும். வலையை ஒரு நிலை நுணுக்கமாக்கும்போது நாற்கரம் ஒவ்வொன்றும் நான்காகப் பிரிகிறது. 5,000 நாற்கரங்களில் தொடங்கும் தலை, ஆறு முறை பிரிந்தால் 2,04,80,000 நாற்கரங்களாகிவிடும். தொடக்க நிலையில் மூக்கு எவ்வளவு நீளம், தாடை எவ்வளவு அகலம் என்பதை மட்டுமே வடிக்க முடியும். இறுதி நிலையில் ஒற்றை நுண்துளையைக்கூடக் குத்த முடியும். எந்த நேரத்திலும் கீழ்நிலைக்கு இறங்கிப் பெரிய வடிவத்தைத் திருத்தலாம். மேல்நிலையில் செய்த நுணுக்கம் அழியாது. களிமண்ணில் கிடைக்காத வசதி இது.

இந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. களிமண் சிற்பி பெரிய வடிவம் அமையாமல் நுணுக்கத்துக்குப் போனால், பின்னர் திருத்தும்போது செய்த வேலை முழுவதும் அழியும். அந்த அச்சமே அவரைப் பொறுமையாக இருக்க வைக்கிறது. கணினியில் அந்த அச்சம் இல்லை. ஆகவே பயில்வோர் பலர் முதல் மணி நேரத்திலேயே மேல்நிலைக்குத் தாவிவிடுகின்றனர். விளைவு, மேடு பள்ளமாகப் பிசைந்த மாவின்மீது நேர்த்தியான தோல் போர்த்தியது போன்ற முகம்.

பணிமுறை

முதற்படி, பார்த்துச் செதுக்குவதற்கான புகைப்படங்களைத் திரட்டுவது. இங்கேயே சாயல் பிறழத் தொடங்கலாம். காது மூக்கின் நுனியைவிட ஏறக்குறைய 12 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் இருந்தால் காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும். அப்போது காதோடு ஒப்பிட மூக்கு 40 விழுக்காடு பெரிதாகத் தெரியும். கேமராவை 2 மீட்டர் தள்ளி வைத்தால் அந்த வேறுபாடு 6 விழுக்காடாகக் குறைந்துவிடும். கைப்பேசியில் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தை அளவாகக் கொண்டு செதுக்குபவர் கேமராவின் தொலைவையும் சேர்த்தே செதுக்குகிறார். ஒரே தொலைவிலிருந்து முன்புறம், பக்கவாட்டு, முக்கால்பக்கம் என எடுத்த படங்கள் தேவைப்படுவது இதனால்தான்.

இரண்டாம் படி அடிப்படை வடிவம். மண்டையோடு, கன்ன எலும்பு, தாடை ஆகியவற்றின் அமைப்பு இங்கே தீர்மானமாகிறது. பெரியவர்களின் தலையில் கண்கள் உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் அமைகின்றன. முடி மறைப்பதால் நெற்றியைக் குறைத்துக் கண்களை மேலே ஏற்றிவிடுவது தொடக்கக்காரர்களின் வழக்கமான பிழை. பெரியவர்களின் விழிக்கோளம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறாமல் சுமார் 24 மி.மீ. விட்டத்தில் இருப்பதால், அதை முதலில் பொருத்திவிட்டால் முகத்தின் மற்ற அளவுகளுக்கு அது முழக்கோலாக நிற்கும். இமைகள் அந்தக் கோளத்தின்மீது தடிப்போடு வளைந்து படிய வேண்டும். காகிதம்போல் மெலிந்த இமை உள்ள முகம் எத்தனை நுணுக்கமாக இருந்தாலும் பொம்மையாகவே தெரியும்.

இந்தப் படியில் ஒருபக்கம் செய்யும் மாற்றம் மறுபக்கத்திலும் தானாகப் பதியுமாறு வைத்துக்கொள்வது வழக்கம். வேலை பாதியாகும். ஆனால் எந்த மனித முகமும் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு புருவம் சற்று ஏறியிருக்கும். மூக்குத்தண்டு மெலிதாகச் சாய்ந்திருக்கும். சிரிக்கும்போது வாயின் ஒரு கோடி முந்தும். இந்தச் சமமின்மையை எப்போது கொண்டுவருவது என்பது முக்கியமான முடிவு. கடைசியில் ஒப்புக்காக ஒரு மருவை ஒருபக்கம் வைப்பதால் அது வந்துவிடாது. எலும்பின் அமைப்பு நிலைபெற்ற உடனேயே வடிவத்திலேயே அது வர வேண்டும்.

மூன்றாம் படி நுண்விவரம். உண்மைத் தோலிலிருந்து எடுத்த அச்சுப் படங்களை முத்திரைபோல் பதித்து நுண்துளைகளும் சுருக்கங்களும் உண்டாக்கப்படுகின்றன. மூக்கின் துளைகள் வேறு, கன்னத்தின் துளைகள் வேறு. நெற்றியின் கோடுகள் குறுக்காக ஓடும். கழுத்தின் கோடுகள் தசையின் மடிப்பைப் பின்பற்றும். இவற்றைக் கவனிக்காமல் முகம் முழுவதும் ஒரே முத்திரையைப் பதித்தால் தோல் ஆரஞ்சுப்பழத் தோலாகிவிடும்.

நான்காம் படி தோல், முடி, ஒளி. மனிதத் தோலில் விழும் ஒளியின் ஒரு பகுதி உள்ளே ஊடுருவிச் சிதறி வேறோர் இடத்தில் வெளிவருகிறது. வெயிலுக்கு எதிரே நிற்பவரின் காது மடல் சிவந்து தெரிவது இதனால்தான். இதைக் கணினியில் விரைவாகக் கணக்கிடும் நடைமுறைக்கேற்ற முறையை ஹென்ரிக் வான் ஜென்சனும் உடன் பணியாற்றியோரும் 2001இல் வெளியிட்டனர். அதன்பின் கணினி முகங்களின் மெழுகுத்தன்மையும் சுண்ணாம்புத்தன்மையும் பெருமளவு குறைந்தன. இந்தப் படியின் பங்களிப்பு மிகப் பெரியது. ஆனால் அது தருவது தத்ரூபத்தை. இரண்டாம் படியில் தவறிய சாயலை எந்த ஒளிக்கணக்கும் மீட்டுத் தராது.

அளவெடுப்பதும் செதுக்குவதும்

செதுக்குவதற்குப் பதிலாக முகத்தை நேரடியாக அளந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பழமையானது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் முகத்தில் சுண்ணச்சாந்து பூசி இருமுறை அச்சு எடுக்கப்பட்டது. 1860இல் லெனார்ட் வோக்கும், 1865இல் கிளார்க் மில்சும் அவற்றை எடுத்தனர். ஐந்தே ஆண்டுகளில், உள்நாட்டுப் போரின் சுமையில், அந்த முகம் எவ்வளவு ஒடுங்கிவிட்டது என்பதை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் உணரலாம். அச்சுகள் அளவில் பிழையற்றவை. ஆயினும் சாந்தின் அடியில் மூடிய கண்களும் அசையாத வாயும் முகத்தின் உயிர்ப்பை மறைத்துவிடுகின்றன. இரண்டாவது அச்சை இறந்தபின் எடுத்ததாகவே சிலர் எண்ணினர். வோக் தமது அச்சை அப்படியே விட்டுவிடாமல், அதை ஆதாரமாகக் கொண்டு மார்பளவுச் சிலை வடித்தார்.

2014இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் பராக் ஒபாமாவின் முகத்தைப் பல விளக்குகளும் கேமராக்களும் கொண்ட அமைப்பால் அளந்து, முப்பரிமாண அச்சில் மார்பளவுச் சிலையாக வார்த்தது. லிங்கனின் அச்சுகளே இதற்கு முன்மாதிரி. இதில் சுண்ணச்சாந்து இல்லை. கண்களை மூடிக்கொள்ள வேண்டியதுமில்லை. எனினும் அளவெடுக்கும் அந்தக் கணத்தின் முகமே பதிவாகிறது. வரலாற்று ஆவணமாக அதன் மதிப்பு உயர்ந்தது. ஆனால் பழகியவர்கள் நினைவில் வைத்திருக்கும் முகம் ஒரு கணத்தின் முகமன்று. பல கணங்களின் தொகுப்பு. அந்தத் தொகுப்பிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிற்பியுடையது.

டார்க்கின் காட்டும் பாடம்

2016இல் வெளிவந்த ரோக் ஒன் திரைப்படத்தில், 1994இல் மறைந்த நடிகர் பீட்டர் குஷிங்கின் முகம் கணினியில் உருவாக்கப்பட்டது. 1977இன் ஸ்டார் வார்ஸ் படத்தில் அவர் ஏற்ற டார்க்கின் பாத்திரத்தை மீண்டும் காட்டுவது நோக்கம். கை ஹென்றி என்ற நடிகர் நடித்தார். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் அவர் முகத்தின் இடத்தில் குஷிங்கின் முகத்தை வைத்தது. 1984இன் டாப் சீக்ரெட் படத்துக்காக முன்னர் எடுத்திருந்த குஷிங்கின் முக அச்சு அவர்களுக்கு ஆதாரமாகக் கிடைத்தது.

அளவு கையில் இருந்தும் சாயல் எளிதில் கிட்டவில்லை. புதிய படத்தின் ஒளியமைப்பில் அதே முகம் குஷிங்கைப் போல் குறைவாகவும், 1977ஆம் ஆண்டுப் படத்தின் ஒளியில் அதிகமாகவும் தெரிந்ததைக் கலைஞர்கள் கண்டனர். அசைவும் அவர்களைச் சோதித்தது. "ஆ" என்ற ஒலியை எழுப்பும்போது குஷிங் மேலுதட்டை அசைக்கமாட்டார். கீழுதடு சதுரமாக விரிந்து கீழ்ப்பற்கள் தெரியும். இத்தகைய பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து திருத்த வேண்டியிருந்தது.

இவ்வளவு உழைப்புக்குப் பிறகும் பார்வையாளர் கருத்து பிளவுபட்டது. சிலர் வேறுபாடு தெரியாமல் ரசித்தனர், சிலருக்கு நெருடியது. மனித உருவை ஏறக்குறைய எட்டிவிட்ட, ஆனால் முழுமையாக எட்டாத பொருள்மீது ஈர்ப்புக்குப் பதில் அருவருப்பு தோன்றும் என்று ஜப்பானியப் பொறியியலாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதி, அந்தச் சரிவைப் பள்ளத்தாக்கு என்றார். தத்ரூபம் கூடக்கூடச் சாயலின் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும் என்பதற்கு டார்க்கின் நல்ல சான்று. கேலிச்சித்திரத்தில் மன்னிக்கப்படும் பிழை, நுண்துளை வரை செதுக்கிய முகத்தில் மன்னிக்கப்படுவதில்லை.

தமிழிலும் இச்சிக்கல் எழுந்துள்ளது. 2009இல் மறைந்த நாகேஷின் உருவம் 2014இல் வெளிவந்த கோச்சடையான் படத்தில் கணினி வழியே உருவாக்கப்பட்டது. நாகேஷின் முகம் ரசிகர் நினைவில் ஓயாமல் அசையும் முகமாகவே பதிந்திருக்கிறது. அத்தகைய கலைஞரின் சாயலை நிலையான வடிவத்தில் மட்டும் தேடுவது எவ்வளவு போதாது என்பதை இவ்வெடுத்துக்காட்டு நினைவூட்டுகிறது.

மதிப்பீடு

நுண்விவரம் தேவையற்றது என்பது இதன் பொருளன்று. வயது, வெயில், உழைப்பு ஆகியவை தோலில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை முன்பே அமைந்த வடிவத்தின்மீது எழுதப்பட்டவை. தெரிந்த ஒருவர் தெருக்கோடியில் வரும்போதே அவர் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது. அந்தத் தொலைவில் நுண்துளை எதுவும் தெரிவதில்லை. தலையின் வடிவமும், கண்குழியின் நிழலும், கழுத்து தோளில் நிற்கும் விதமுமே தெரிகின்றன. டிஜிட்டல் உருவப்படத்தில் சாயல் குடியிருப்பதும் அங்கேதான்.

இதைச் சோதிக்கும் வழிகள் எளியவை. முடிந்த படைப்பிலிருந்து நிறத்தையும் முடியையும் நீக்கி, சாம்பல்நிற வடிவமாக மட்டும் பார்க்கலாம். பின்னர் வலையை மூன்று நான்கு நிலைகள் கீழிறக்கிப் பார்க்கலாம். முழுவதும் கறுப்பாக்கிப் புறக்கோட்டை மட்டும் பார்க்கலாம். ஒளியை மேலிருந்தும், பக்கத்திலிருந்தும், கீழிருந்தும் மாற்றி வீழ்த்தலாம். படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கி, அந்த மனிதரை அறிந்த ஒருவரிடம் காட்டலாம். இத்தனைக்கும் பிறகு அவர் பெயரைச் சொல்லிவிட்டால் சாயல் வந்துவிட்டது. சொல்லவில்லை என்றால் கலைஞர் திரும்ப வேண்டிய இடம் இரண்டாம் படி, மூன்றாம் படியன்று.

புகைப்படம்போன்ற முகத்தைச் செயற்கை நுண்ணறிவு நொடிகளில் உருவாக்கித் தரும் காலம் இது. தத்ரூபம் மட்டுமே அளவுகோலாக இருந்தால் மாதக்கணக்கில் செதுக்கும் கலைஞருக்கு இனி வேலை இல்லை. ஒரு குறிப்பிட்ட மனிதரை உற்றுப் பார்த்து, அவர் முகத்தில் எது அவருடையது என்று முடிவு செய்வது அளவுகோலாக இருந்தால், அந்த வேலை இன்னும் கண்ணுக்கும் கைக்கும் உரியதாகவே இருக்கிறது.