நீல அரிசியும் எறும்புச் சோறும்

“பாட்டி காலத்து மண் விளையாட்டுதான் இது. முற்றம் இல்லாததால் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம்.” சென்சரி பிளே என்கிற புலன் விளையாட்டை வீட்டில் நடத்தும் இளம் பெற்றோர் சொல்லும் வாதம் இது. குழந்தை வளர்ப்பு வகுப்புகளிலும் ரீல்ஸ்களிலும் விளையாட்டுப் பொருள் விற்கும் அட்டைப் பெட்டிகளிலும் இதுவே வெவ்வேறு சொற்களில் வருகிறது. மரபும் அறிவியலும் ஒன்றாகத் துணைக்கு வருவதால் மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் மறுக்க வேண்டும். மண்ணைத் தட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், முற்றத்தில் அந்த மண் யார் கையில் இருந்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

இதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்காவது மாடியில் வளரும் பிள்ளைக்கு அளைய, பிசைய, கொட்ட ஏதாவது வேண்டும். செல்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் விரலுக்கு ஊறிய சவ்வரிசி எவ்வளவோ மேல். தண்ணீரில் குழைத்த சோள மாவு அழுத்தினால் இறுகும், விட்டால் வழியும். அது பெரியவர்களையே வியக்க வைக்கும். தொடுதலைத் தாங்க முடியாத குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் தரும் பயிற்சி வேறு வகை. அமெரிக்காவின் ஜீன் ஏர்ஸ் வகுத்த புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டில் வேர்கொண்டது அது. அதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. உணவுப் பொருள் வீணாவதும், விழுங்கினால் குடலுக்குள் பருத்து அடைக்கும் ஜெல் மணிகளின் ஆபத்தும் பலர் சொல்லிவிட்ட குறைகள். பொருளை மாற்றினால் அவை தீர்ந்துவிடும். நான் சொல்ல வருவது பொருளை மாற்றினாலும் தீராத குறை.

என் அக்கா மகள் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அவளுடைய குழந்தைக்கு மூன்று வயது. அன்றைய தலைப்பு ‘கடல்’. அகலமான தட்டில் நீலச் சாயம் ஏற்றிய அரிசி, நான்கு சிப்பிகள், ரப்பர் மீன்கள், கரண்டி, இடுக்கி. முந்தின இரவே அரிசியில் சாயமும் வினிகரும் கலந்து காய வைத்திருந்தாள். குழந்தை மீனைத் தொடவே இல்லை. கரண்டியில் அரிசியை அள்ளி, சிந்தாமல் அடிமேல் அடிவைத்து நடந்துபோய், பால்கனி நிலைப்படியோரம் சின்னச் சின்னக் குவியலாக வைத்தாள். கேட்டதற்கு “எறும்புக்குச் சோறு” என்றாள். மூன்றாவது நடையில் அம்மா கூப்பிட்டாள்: “தட்டுக்குள்ளயே வெச்சு விளையாடு தங்கம். மீனு எங்க ஒளிஞ்சிருக்கு பாரு.” குழந்தை திரும்பி வந்து இடுக்கியால் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். படம் எடுத்தாயிற்று. இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். “இவளுக்குக் கவனமே நிக்க மாட்டேங்குது சித்தி” என்றாள் என் அக்கா மகள்.

கவனம் இல்லாத குழந்தையா அவள்? ஒரு கரண்டி அரிசியைச் சிந்தாமல் பத்தடி தூரம் கொண்டுபோக மூன்று வயதுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! எறும்புக்குப் பசிக்கும், அதன் வாய்க்குச் சின்னக் குவியல் போதும், அது நிலைப்படி ஓரமாகத்தான் வரும் என்று அவள் நினைத்திருக்கிறாள். அந்தக் காலையில் அந்த வீட்டில் நடந்த ஒரே படைப்பு அதுதான். தட்டுக்கு வெளியே நடந்ததால் அது பிழையாகிவிட்டது. அரிசியைக் கடலாக்கியவள் அம்மா. அந்தக் கற்பனை முந்தின இரவே முடிந்துபோன ஒன்று. விடிந்ததும் குழந்தைக்கு மிஞ்சியது, அம்மா கற்பனை செய்துவைத்த கடலில் அம்மா ஒளித்துவைத்த மீனைத் தேடும் வேலை.

பிரிட்டிஷ் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதிய கட்டுரையின் குற்றச்சாட்டே இதுதான். திட்டமிடுவது, உருவாக்குவது, மாற்றிப் பார்ப்பது என்று இன்பமான பங்கையெல்லாம் வடிவமைப்பாளர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு, முடிந்துபோன ஒன்றைக் குழந்தைகளிடம் தந்து ஏமாற்றுகிறார்கள் என்றார். எப்படி வேண்டுமானாலும் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற உதிரிப் பொருள்கள் குழந்தையைச் சுற்றி இருக்க வேண்டும் என்பது அவருடைய கோட்பாடு. இன்று அவருடைய சொல்லையே பெட்டிமேல் அச்சிட்டு, மரத் துண்டுகளை எண்ணி அடுக்கி விற்கிறார்கள். ரஷ்ய உளவியலாளர் வீகோட்ஸ்கி இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். குச்சியைக் குதிரையாக்கும் கணத்தில்தான் குழந்தையின் மனம் கண்முன் இருக்கும் பொருளின் பிடியிலிருந்து விடுபடுகிறது என்றார் அவர். கொட்டாங்குச்சியில் ஈர மண்ணை அமுக்கிக் கவிழ்த்து ‘இட்லி’ என்று சொன்ன பிள்ளை அதைத்தான் செய்தது. ‘பண்ணை’ என்று தலைப்பு வைத்த தட்டில் மாடு மாடாகவே இருக்கிறது. புல்லுக்குப் பச்சைச் சாயமும் ஏற்றியாயிற்று. குழந்தை ஆக்குவதற்கு என்ன மிச்சம்?

இன்னொன்றும் பறிபோகிறது. பொருளுக்கு வீட்டில் ஒரு வேலை உண்டு. அந்த வேலையிலிருந்து பொருளை அறுத்தெடுத்துத்தான் தட்டில் போடுகிறோம். காலையில் அம்மா சப்பாத்தி மாவு பிசையும்போது குழந்தை கையை நீட்டுகிறது. “போ, போ, அழுக்காக்காதே” என்று விலக்குகிறோம். மாலையில் அதே மாவில் உப்பும் எண்ணெயும் சாயமும் சேர்த்து, விளையாட்டு மாவு என்று பெயரிட்டு, “பிசை கண்ணு” என்று கொடுக்கிறோம். காலையில் பிசைந்திருந்தால் அது சப்பாத்தியாகித் தாத்தாவின் தட்டுக்குப் போயிருக்கும். மாலையில் பிசைந்தது எங்கும் போகாது. டப்பாவுக்குள் காய்ந்து கிடக்கும். ப்ளே டோ என்ற விளையாட்டு மாவின் வரலாறும் இதுவே. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், நிலக்கரிப் புகை படிந்த சுவர்த்தாளைத் துடைக்கச் செய்யப்பட்ட மாவு அது. 1956 அளவில் பொம்மையாகச் சந்தைக்கு வந்தது. துடைக்கும் வேலை உதிர்ந்து, பிசையும் சுகம் மட்டும் விற்பனைக்கு நின்றது.

இந்தத் தட்டுகளுக்கு மரியா மாண்டிசோரியின் பெயரைச் சூட்டுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர் அவர். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். அவர் முறையிலும் தட்டு உண்டு, நிர்ணயித்த பயிற்சியும் உண்டு; கற்பனை விளையாட்டை அவர் பெரிதாக மதிக்கவும் இல்லை. ஆனால் அவருடைய தட்டில் இருந்தது உடையக்கூடிய உண்மைக் குவளை. குழந்தை அதைத் தானே அலமாரியிலிருந்து எடுத்து, தண்ணீர் ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, எடுத்த இடத்தில் வைத்தது. பெருக்குவதும் துவைப்பதும் பரிமாறுவதும் அங்கே பாடம். உண்மையான வேலையைக் குழந்தையின் கைக்குக் கொடுத்தவரின் பெயரை, குழந்தையை வேலையிலிருந்து தள்ளி உட்கார வைக்கும் தட்டுக்குச் சூட்டுவது நியாயமே இல்லை.

பாட்டி காலத்தைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் தட்டு வைக்கும் பெற்றோர்தான். ஆகவே பாட்டிக்கும் பாட்டி காலத்துக்கே போய்ப் பார்க்கலாம். பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாட்டில், தத்தி நடந்து வரும் ஒரு குழந்தை சோற்றில் கைவிட்டு அளைந்து, கடித்து, சிந்தி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. புலன் விளையாட்டுக்குத் தமிழில் இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. அது நடக்கும் இடம் பலர் கூடி உண்ணும் பந்தி. அளைவதற்கென்று யாரும் தனிச்சோறு வைக்கவில்லை. பெரியவர்களின் இலைக்கே குழந்தை வந்துவிட்டது, அவர்களும் அதை விலக்கவில்லை.

மணலுக்கு வருவோம். கலித்தொகையின் 51ஆம் பாட்டில் சிறுமியர் தெருவில் சிற்றில் என்னும் மணல் வீடு கட்டுகிறார்கள். ஒரு குறும்புக்காரப் பையன் அதைக் காலால் கலைக்கிறான், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும் ‘எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே’ என்று கண்ணனிடம் கெஞ்சும் சிறுமியரின் குரல். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு தனிப் பருவமாகவே நிலைத்துவிட்டது. இலக்கியம் ஆவணம் அல்ல என்பது தெரியும். என்றாலும் இத்தனை நூற்றாண்டுகளாக மணல் விளையாட்டு என்றதும் தமிழ்க் கவிதைக்கு நினைவு வந்தவை எவை என்று பாருங்கள். தெரு, கூட்டாளிகள், கட்டியது கலைந்துபோன அழுகை, கலைத்தவனோடு சண்டை, மறுபடி கட்டும் பிடிவாதம். எந்தச் சிற்றிலுக்கும் அம்மா தலைப்பு வைக்கவில்லை. கலித்தொகையில் அம்மா வீட்டுக்குள் இருக்கிறாள்.

தட்டில் யாரும் எதையும் கலைப்பதில்லை. இன்னொரு பிள்ளை இல்லை. கலைந்தால் அம்மா சரிசெய்து தருகிறாள். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அவள் கையில். அதன் பயன்கூட முன்பே எழுதப்பட்டுவிட்டது: இது நுண்தசைக்கு, இது கண்ணும் கையும் இணைந்து இயங்குவதற்கு. பயனை முதலில் எழுதிவிட்டுத் தொடங்குவதற்குப் பெயர் பாடம். அதை விளையாட்டு என்று கூப்பிடுவதால் அது விளையாட்டாகிவிடாது. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாட்டை ஓய்வோடும் ஓய்வு நேரத்தோடும் சேர்த்தே பேசுகிறது. கல்வி வேறு பிரிவுகளில் இருக்கிறது. அந்த வரிசையை வகுத்தவர்களுக்கு விளையாட்டு எதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது.

சமையலறையில் நெருப்பும் கத்தியும் இருக்கின்றன, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நேரம் எங்கே என்பார்கள். கீரை ஆய்வதற்கு நெருப்பு வேண்டாம். பட்டாணி உரிக்கவும், பூண்டுத் தோலை ஊதவும், துவைத்த கைக்குட்டையைப் பிழியவும் கத்தி வேண்டாம். நேரத்தைப் பற்றிச் சொன்னால், அரிசிக்குச் சாயமேற்றிக் காயவைத்து, தலைப்பு தேடி, பிறகு மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி எடுக்கும் நேரம் எந்தக் கணக்கில் சேரும்? அதையும் பெரும்பாலும் அம்மாவே சுமக்கிறாள். பிறர் வீட்டுத் தட்டுகளைத் திரையில் பார்த்துவிட்டு, தன் பிள்ளைக்குப் போதுமான அளவு செய்யவில்லையோ என்று குமைகிறவளும் அவள்தான். குழந்தையிடமிருந்து விளையாட்டை எடுத்து, அதைத் தாய்க்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கும் இந்த வழக்கத்தில் இருவருக்குமே நன்மை குறைவு.

முற்றத்தை நம்மால் திருப்பிக் கொண்டுவர முடியாமல் போகலாம். முற்றத்தில் குழந்தைக்கு இருந்த உரிமையைத் திருப்பித் தர இடம் தேவையில்லை. நாளைக் காலை நீங்கள் அரிசி களையும்போது ஒரு சின்னக் கை பாத்திரத்துக்குள் வரும். அதை எடுக்காதீர்கள். கழுநீர் கலங்குவதை அது பார்க்கட்டும். நான்கு அரிசி கீழே சிந்தட்டும். சிந்தியதை அந்தக் கை பொறுக்கி நிலைப்படிக்கு எடுத்துப் போனால், எங்கே என்று கேட்காமல் வழிவிடுங்கள்.