நெளியத் தெரிந்த அம்பு

தன்னாமுனையிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் வாகரை. தமிழ் பேசும் கரையோர வேடர்கள் வாழும் பக்கம். 1911இல் வெளிவந்த ‘வேடர்கள்’ என்ற நூலில் செலிக்மன் தம்பதியர் இவர்களைப் பற்றியும் எழுதினார்கள். வேடரின் பழைய வில் கிட்டத்தட்ட ஆள் உயரம். அம்பு மரக்கோல், முனையில் இரும்பு அலகு. கோலின் விறைப்பை அளக்கக் கருவி ஏது? கையும் கண்ணும்தான்.

அலுமினிய அம்பில் அந்த வேலையை எண்கள் செய்கின்றன. 1939இல் கலிபோர்னியாவில் டக் ஈஸ்டன் அலுமினிய அம்புகளைச் செய்யத் தொடங்கினார். குழாயில் 1816 என்றிருந்தால் விட்டம் அங்குலத்தில் 64இல் 18 பங்கு, சுவர்த் தடிப்பு 1000இல் 16 பங்கு. 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 1816 முக்கால் அங்குலம் தொய்யும். 2016 அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட.

நெடுவில்லில் அம்பு நடுவே போவதில்லை, பக்கவாட்டில் உரசிப் போகிறது. நாண் விட்டதும் அது விலாங்கு மாதிரி நெளிந்து வில்லைச் சுற்றிக் கடக்க வேண்டும். வலக்கைக்காரருக்கு, விறைத்த அம்பு இடப்பக்கம் விலகும், தொய்ந்தது வலப்பக்கம்.

கனமான முனை அம்பைத் தளர்த்தும், நீளத்தைக் குறைத்தால் விறைக்கும். ஆகவே நீளமாக வாங்கி, எய்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதே புத்தி. பிளாஸ்டிக் இறகு வேண்டாம். வில்லில் பட்டால் மடங்காமல் அம்பைத் தள்ளிவிடும். பறவை இறகே சரி.

28 அங்குலம் இழுக்கும் 45 இறாத்தல் வில்லுக்கு 1816, 1916 இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிப் பாருங்கள். மடிப்பு விழுந்த குழாயை மட்டும் மறுபடி நாணில் ஏற்றாதீர்கள்.