குயிலின் மேல் போட்ட பழி

குயில் கூடு கட்டாது என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அந்த முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது. சில நாள் முன்னதாகவே பொரிந்தும்விடும். காக்கை பேதம் பாராமல் இரை ஊட்டும். வடமொழியில் குயிலுக்குப் 'பரபிருதம்' என்றே ஒரு பெயர். பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள்.

இவ்வளவு தெரிந்தும் நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் குயிலின் குரலை எடுத்துக்கொண்டு செய்கையை விட்டுவிட்டார்கள். அந்தக் குரலையும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இழைந்து கூவுவது கறுத்த ஆண். புள்ளி போட்ட பேடை 'கிக் கிக்' என்று கத்துவதோடு சரி.

செய்கையை விடாமல் பிடித்துக்கொண்டவன் காளிதாசன். சாகுந்தலத்தின் ஐந்தாம் அங்கத்தில் கர்ப்பிணியான சகுந்தலையைத் தெரியாது என்கிறான் அரசன். தபோவனத்தில் வளர்ந்தவளுக்கு வஞ்சகம் தெரியாது என்கிறாள் கௌதமி. பெண்ணினத்துக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை என்று துஷ்யந்தன் குயில் பேடையைச் சாட்சிக்கு இழுக்கிறான்.

இதைப் பெண்களுக்கு விழுந்த அடி என்று ரசிப்பவர்கள் உண்டு. அதற்காகவே காளிதாசனைக் கோபிப்பவர்களும் உண்டு. பேசுவது யார் என்பதை இரு சாராரும் பார்ப்பதில்லை. சகுந்தலை மேனகை விட்டுச் சென்ற குழந்தை, பறவைகள் காத்ததால்தான் அந்தப் பெயர், வளர்த்தவர் கண்வர். அந்த அளவில் உவமை அவளைக் குத்தத்தான் செய்கிறது. ஆனால் ஏழாம் அங்கத்துக்கு வாருங்கள். அரசனின் மகன் மாரீசர் ஆசிரமத்தில் சிங்கக்குட்டியோடு விளையாடுகிறான். தன் குஞ்சைப் பிறர் கூட்டில் வளரவிட்டவர் யார்?

சாபம் இருக்கிறதே என்பீர்கள். மகாபாரதக் கதையில் இல்லாத துர்வாச சாபத்தைக் காளிதாசன் சேர்த்தது வாஸ்தவந்தான். ஆனால் சாபம் பறித்தது ஞாபகத்தை மட்டுமே. அந்த ஏச்சை நாவில் வைத்தது சாபமல்ல. அது அரசனின் சொந்தச் சரக்கு.

பறவைகளைக் கவனித்தவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். ஆண் குயில் கூவிக் காக்கைகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடைவெளியில் பேடை முட்டையிடும். பழியில் பாதி ஆணுடையது. சபையில் துஷ்யந்தன் மறைத்த அந்தப் பாதியை நாடகம் கடைசியில் அவன் கணக்கில் எழுதிவிடுகிறது. விஷயம் தெரிந்து போட்ட உவமை இப்படித்தான் சொன்னவனையே திரும்பிப் பார்க்கும்.

நம் கதைகளிலோ குயில் கூவிக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவையாவது அது முட்டையிடட்டும்.