மூன்றாவது ஆள் எங்கே?

‘லவ் டுடே’ படத்தில் பெண்ணின் அப்பா காதலர்களை ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். அந்தரங்கம் சந்தி சிரிக்கிறது. நானும் சிரித்தேன்தான். ஆனால் அந்தப் போன்களை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளைப் பற்றிப் படம் மூச்சே விடவில்லை.

படம் வந்தது 2022 நவம்பர் 4. இரண்டு வாரம் முன்புதான் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ப்ளே ஸ்டோர் வேணும்னா கூகுளின் மற்ற செயலிகளையும் போனில் ஏற்றியாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கு ஒரு காரணம்.

‘இரும்புத்திரை’ (2018) தகவல் திருட்டைப் பேசியது. ஆனால் பழியை ஒரு வில்லன் தலையில் கட்டிவிட்டு முடித்துக்கொண்டது. நிஜத்தில் யாரும் திருடுவதில்லை. ‘அனுமதி’ பொத்தானை நாமேதான் அமுக்குகிறோம்.

2021-இல் ஆப்பிள், பின்தொடரும் செயலிகள் முதலில் அனுமதி கேட்கணும் என்றது. நல்லதுதான். ஆனால் எங்க கம்பைநல்லூரில் பத்தாயிரம் ரூபாய் போனைத் தவணையில் வாங்குகிறவருக்கு ஐபோன் எட்டாக்கனி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடையிலோ அது விலை கூடிய மாடலோடுதான் வருகிறது.

காதலர்களின் சந்தேகத்தைவிட இந்த விலை வித்தியாசத்தில்தான் பெரிய கதை இருக்கிறது. தமிழ் சினிமா இன்னும் அதைத் தொடவில்லை என்பதுதான் என் குறை.