எண்ணும் இயைபும்: ஒரு குழந்தைப் பாடலும் அதன் பட நூல்களும்

எண்ணுப் பெயர்களை வரிசை பிறழாது ஒப்பிக்கும் குழந்தை எண்ணக் கற்றுவிட்டது என்று கொள்ளுதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இயல்பு. ஆயின், பத்து வரை தடையின்றிச் சொன்ன அக்குழந்தையே, முன்னே பரப்பிய ஏழு புளியங்கொட்டைகளை எண்ணுங்கால் ஒன்றை இருமுறை தொட்டு, எட்டு என்று முடித்தலும் உண்டு. ஒப்பித்தல் நாவின் தொழில். எண்ணுதலோ கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கே கூடிச் செய்யும் தொழில். ஓசை நயம் அமைந்த எண் நூல்கள் இவ்விரண்டனுள் எதனை வளர்க்கின்றன என்பது ஆராயத்தக்கது. ஆங்கிலக் குழந்தைகளிடையே நெடுங்காலம் வழங்கிவரும் ‘ஓவர் இன் த மெடோ’ என்னும் புல்வெளிப் பாடல் இவ்வாராய்ச்சிக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

அமெரிக்கப் பெண்மணி கதறீன் புளொயிட் டேனா, ஒலிவ் ஏ. வாட்ஸ்வேத் என்னும் புனைபெயரில் எழுதியவர். அப்புனைபெயராலேயே இப்பாடல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறியது. 1957இல் யோன் லாங்ஸ்ராவ் அமைத்த பாடத்துக்குப் பியோடர் றொயன்கோவ்ஸ்கி ஓவியந் தீட்டினார். லாங்ஸ்ராவின் பாடத்துக்கு அவர் முன்னர் வரைந்த தவளை நூல் 1956இல் அவருக்குக் கால்டெகொற் பதக்கத்தைப் பெற்றுத் தந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் எஸ்றா ஜாக் கீற்ஸ் என்பாரும் இப்பாடலைப் பட நூலாக்கினார்.

பாடலின் அமைப்பு எளியது. ஒவ்வொரு பாட்டும் ஓர் இடத்தைச் சுட்டித் தொடங்கும். ஆங்கே ஒரு தாயும் அதன் குஞ்சுகளும் வாழும். தாய் ஒரு தொழிலை ஏவும். குஞ்சுகள் உடன்பட்டு அதனைச் செய்யும். மீன் நீந்தும், காகம் கரையும், ஓணான் வெயில் காயும், சிலந்தி இழை நூற்கும். பாட்டுக்கு ஒன்றாகக் குஞ்சுகளின் தொகை ஏறிச் செல்லும். இடத்தைச் சுட்டும் அடியின் இறுதிச் சொல், பின்வரும் எண்ணுப் பெயரோடு இயைந்து நிற்றலே இதன் உயிர்நிலை. மரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒலித்தவுடனே, மூன்று என்னும் சொல்லைச் செவி எதிர்நோக்கத் தொடங்குகிறது.

குறையும் இங்கேதான் தோன்றுகிறது. விடையை ஓசையே முந்திச் சொல்லிவிடுமாயின், குழந்தை எண்ணவேண்டிய தேவை யாது? 1978இல் வெளிவந்த நூலொன்றிலே கெல்மன், கலிஸ்ரல் என்னும் இருவரும் எண்ணுதலின் அடிப்படை விதிகளை வகுத்தனர். எண்ணுப் பெயர்கள் மாறா வரிசையில் வருதல், ஒரு பொருளுக்கு ஒரு பெயரே வழங்குதல், இறுதியிற் சொன்ன எண்ணே முழுத் தொகையென உணர்தல் என்பன அவற்றுட் சில. இயைபு தரவல்லது இவற்றுள் முதலாவதை மட்டுமே. இரண்டாவதைத் தரவேண்டியது படம். பாட்டு முந்திச் சொன்னதைக் குழந்தை விரலாற் குஞ்சு குஞ்சாகத் தொட்டுச் சரிபார்த்தற்கு ஓவியன் இடமளித்தல் வேண்டும். செவி விரைய, கண் அதனை நிறுத்திச் சான்று கேட்கும் அந்நிலையிலேயே எண்ணறிவு பிறக்கிறது.

மூன்றாவது விதிக்கோ பாடலே வழிசெய்கிறது. தாயின் ஏவலுக்கு மறுமொழி கூறுமிடத்து நீலக்குருவிகள் என்னும் பெயர் வாராது, எண்ணுப் பெயரே எழுவாயாய் நின்று பேசுகிறது. ஒன்று, இரண்டு எனத் தனித்தனி தொடப்பட்டவை ஈண்டு ஒரு தொகையாய் ஒரு குரலில் ஒலிக்கின்றன. இப்பாடலின் தலையாய சிறப்பு இதுவெனலாம்.

இயற்கை நூலாக இதனைக் கொள்ளுதல் தகாது. மூலப் பாடலில் முதலில் வருவது தேரை. அதற்கு ஒரே குஞ்சு. ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு அவற்றை நீரிலே விட்டுச்செல்லும் உயிருக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தது எண்வரிசையின் தேவையன்றி இயற்கையன்று. சிலந்திக் குஞ்சும் இழை நூற்கத் தாயிடங் கற்பதில்லை. காகம் குஞ்சு பேணுதல் உண்மை. தேரை பேணுதல் கற்பனை. இவ்வேறுபாட்டை ஆசிரியர் பின்னர் உணர்த்தல் கடன்.

இத்தகைய நூலைத் தமிழிலே ஆக்க முயல்வோர் அடியிறுதி இயைபை அப்படியே பின்பற்ற வேண்டுவதில்லை. தமிழ்ச் செவி அடியின் முதலிலே எதுகையை நாடுவது. சேறு என ஓரடி தொடங்கின் ஆறு என அடுத்த அடி தொடங்கலாம். மொட்டு எட்டையும் கொத்து பத்தையும் அழைத்து வரும். தொகையுணர்வுக்கோ நம் மொழியில் முற்றும்மை உண்டு. ‘மூன்றும் பாடின’ என்னுமிடத்து அவ்வும்மை ஒன்றும் எஞ்சாமையை உணர்த்துகிறது. ஆங்கிலப் பாடல் எண்ணுப் பெயரை எழுவாயாக்கிப் பெற்ற பயனைத் தமிழ் ஓரிடைச் சொல்லாற் பெறுகின்றது.

ஆகவே, எண் நூலொன்றை மதிப்பிடுவோர் குழந்தை அதனை எத்துணை விரைவில் மனனஞ் செய்கிறது என்று நோக்குதல் போதாது. பாட்டை நிறுத்தியபின் குழந்தையின் விரல் படத்தின்மேற் செல்கிறதா என்று நோக்குதல் வேண்டும். அவ்விரலை அழைக்கும் நூலே எண் நூல். ஏனையவை இனிய பாட்டு நூல்களாகவே அமையும்.